தோசைக்கல்லும் அதன் வடிகாலும்

மும்பையின் மாட்டுங்காவிலும், தில்லியின் கரோல்பாக்கிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டிலும், தமிழர்கள் எங்கெங்கே குடியேறினார்களோ அங்கெல்லாம் ஆட்டுக்கல்லையும் தோசைக்கல்லையும் உடன் கொண்டு சென்றார்கள். ஆட்டுக்கல் இன்று மின்சார யந்திரமாகிவிட்டது. தோசைக்கல் அப்படி உருமாறவில்லை, பெருத்திருக்கிறது. வீட்டில் ஒன்றரைச் சாண் அகலமுள்ள வட்டக் கல்லாக இருந்தது, சங்கங்களின் சிற்றுண்டிச் சாலைகளிலும் அலுவலகக் காண்டீன்களிலும் மெஸ்களிலும் நான்கடி, ஐந்தடி நீளமுள்ள இரும்புப் பலகையாக விரிந்து, ஒரே சமயத்தில் எட்டுப் பத்துத் தோசைகளைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பலகையைப் பற்றிப் பேசப் புகுந்தால் மாவின் புளிப்பு, முறுகலின் பக்குவம், நெய்யா எண்ணெயா என்ற வழக்கு என்று எவ்வளவோ உண்டு. நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பது அவற்றுள் எதுவும் அன்று. பலகையின் விளிம்பில் ஓடும் ஒரு சிறு பள்ளத்தையும், அதன் கோடியில் உள்ள துளையையும், அத்துளை வழியே எண்ணெய் வடிந்து விழும் தட்டையும் பற்றியே சொல்லப் போகிறோம். இவ்வளவு அற்பமான பொருளுக்கு ஒரு சொற்பொழிவா என்று நேயர்கள் நினைக்கலாம். சமையற்கூடத்தில் தீப்பற்றுவதற்கும், கீழ்வீட்டில் சாக்கடை நீர் எதிர்த்து ஏறுவதற்கும், தெருவிலுள்ள பாதாளச் சாக்கடைக்குள் ஒரு மனிதர் இறங்க நேர்வதற்கும் இந்தத் துளையே தொடக்கமாக இருக்கக்கூடும். அதனாலேயே இதைப் பேச எடுத்தோம்.

வீட்டுக் கல்லுக்கு வடிகால் தேவைப்படுவதில்லை. இரண்டு சொட்டு எண்ணெயைத் தோசையே உறிஞ்சிவிடும். மிச்சத்தை வெங்காயத்தை நறுக்கித் தேய்த்துக் கல்லிலேயே பூசிவிடுவார்கள். பெரிய பலகையில் அது நடவாது. காலையில் ஐந்து மணிக்கு மூட்டிய அடுப்பு இரவு பத்து மணி வரையில் எரிகிறது. அடை, ஊத்தப்பம், மசால் தோசை, இடையிடையே வடநாட்டு நண்பர்களின் பொருட்டுப் பரோட்டா, ஆம்லெட் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் எண்ணெயை விட்டுச் செல்கிறது. தோசை மாஸ்டர் ஒரு சுற்று முடிந்தவுடன் பலகையின்மீது ஒரு கை தண்ணீரை விசிறி, அதற்கென்றே வைத்திருக்கும் சிறு துடைப்பத்தால் முன்புறமாகத் தள்ளுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சுர்ரென்ற அந்த ஓசைதான் நமக்குத் தெரிகிறது. தள்ளப்பட்டது எங்கே போயிற்று என்று நாம் கவனிப்பதில்லை. கொதித்தும் கொதியாததுமான நீர், அதில் மிதக்கும் எண்ணெய், கருகிய மாவுத் துணுக்கு, வெங்காயத்தின் கரிந்த இதழ் ஆகிய நான்கும் சேர்ந்து விளிம்புப் பள்ளத்தில் விழுகின்றன; அங்கிருந்து துளை வழியாகவோ குட்டையான ஒரு குழாய் வழியாகவோ கீழேயுள்ள இழுப்புத் தட்டுக்கு இறங்குகின்றன. இதுதான் வடிகால்.

இந்த நான்கு பொருள்களும் சேர்ந்து உண்டாகும் சரக்குக்கு ஆங்கிலத்தில் கிரீஸ் என்று பெயர். மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோருக்கு அச்சொல் அவ்வப்போது தொல்லை தருவதுண்டு. கொழுப்பு என்றால் மருத்துவக் குறிப்புப்போல் ஆகிவிடுகிறது. மசகு என்றால் வண்டிச் சக்கரம் நினைவுக்கு வருகிறது. அடுப்பங்கரையில் நம் பாட்டிமார் வழங்கிய சொல் பிசுக்கு. எண்ணெயும் அழுக்கும் கூடி, விரலில் ஒட்டினால் விடாமல், தண்ணீர் பட்டால் போகாமல் இருக்கும் அந்தத் தன்மையை இதைவிடச் சுருக்கமாக ஒரு சொல்லில் அடக்க முடியாது. இனி அச்சொல்லையே வழங்குவோம்.

பிசுக்கு வடிகாலை அடைப்பது ஒரே நாளில் நிகழ்வதன்று. முதலில் துளையின் வாயில் ஒரு மாவுத் துணுக்குத் தங்குகிறது. அதன்மேல் எண்ணெய் படிந்து, அடுப்பின் சூட்டிலேயே மெல்ல மெல்ல இறுகிப் பழுப்பு நிறமான ஒரு பிசினாகிறது. புதுச் சட்டியை எண்ணெய் தடவிப் பழக்கும்போது இரும்பின்மேல் ஒரு பளபளப்பு ஏறுகிறதே, அதே வினைதான் இங்கும் நடக்கிறது. அங்கே நமக்கு நன்மை, இங்கே தொல்லை. அந்தப் பிசினில் அடுத்த துணுக்கு எளிதாக ஒட்டுகிறது. சுண்ணாம்புச் சாந்தில் செங்கற்சல்லி சேர்வதுபோல் எண்ணெயும் கரியும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. ஓர் அங்குலமாக இருந்த துளை அரை அங்குலமாகிறது. அரை அங்குலம் ஒரு பென்சில் நுழையும் அளவாகிறது. அதுவரையில் யாருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பள்ளம் நிரம்பி, வழிந்தது தட்டில் விழாமல் பர்னரின் பக்கமாக விழுகிறது.

இங்கேதான் வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்று தனியாக ஒரு செய்தி இருக்கிறது. சென்னையில் ஆண்டு முழுவதும் ஒழுங்காக ஓடும் வடிகால் தில்லியில் மார்கழி, தை மாதங்களில் நின்றுவிடும். வடிகாலில் குறை ஒன்றும் இல்லை. ஊரின் குளிர்தான் காரணம். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். சென்னையிலும் மார்கழி விடியலில் புட்டியில் அது வெண்மையாகத் திரள்வதுண்டு. வெயில் ஏறினால் இளகிவிடும். தில்லியிலோ ஜனவரி மாத இரவுகளில் வெப்பம் சராசரியாக 7, 8 டிகிரிக்கு இறங்குகிறது. வனஸ்பதி உருகுவதற்கு 31 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும்; நெய்யும் பாமாயிலும் ஏறத்தாழ அவ்வாறே. நல்லெண்ணெயும் கடுகெண்ணெயும் இந்தக் குளிருக்கு அசையமாட்டா. ஆகவே ஒரு சமையற்கூடத்தில் நெய்த் தோசைக்கும் பொங்கலுக்கும் வடைக்கும் வெவ்வேறு கொழுப்புகளை வழங்கினால், அவற்றுள் எது முதலில் உறையுமோ அதுவே வடிகாலின் விதியைத் தீர்மானிக்கிறது. அடுப்பு எரியும் வரையில் எல்லாம் நீர்போல் ஓடுகிறது. அடுப்பை அணைத்து ஒரு மணி நேரமானால், பலகைக்குக் கீழே ஓரடி தள்ளியிருக்கும் குழாயில் மெழுகுபோல் நின்றுவிடுகிறது. மறுநாள் காலையில் பலகை சூடேறும், குழாய் சூடேறாது. மேலிருந்து உருகிய எண்ணெய் வருகிறது, கீழே உறைந்த அடைப்பு இருக்கிறது.

உறைதல் என்ற நம் சொல் தயிருக்கும் பனிக்கும் நெய்க்கும் பொதுவானது. இந்தியிலுள்ள ஜம்னா என்ற சொல்லும் சரியாக அந்த மூன்றுக்குமே வழங்குகிறது. குழாய்க்காரரிடம் 'சிக்னாயீ ஜம் கயீ ஹை' என்று சொன்னால் அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் தம் கருவியை எடுத்துவிடுவார். 'நாலி பந்த் ஹை' என்று மட்டும் சொன்னால் காகிதமோ கந்தலோ அடைத்திருப்பதாக எண்ணி மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தத் தொடங்குவார். பிசுக்கு இன்னும் இறுகும். தில்லிக்குப் புதிதாக வந்தவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொள்வது நலம்.

தீயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தோசை வார்க்கும் பலகையின் வெப்பம் சாதாரணமாக 200 டிகிரியை ஒட்டியே இருக்கும். சமையல் எண்ணெய் தானாகவே பற்றி எரிவதற்கு ஏறத்தாழ 350 டிகிரி வேண்டும். ஆதலால் பலகையின்மேல் உள்ள எண்ணெய் எளிதில் தீப்பிடிப்பதில்லை. ஆபத்து அதற்குக் கீழே இருக்கிறது. வழிந்த பிசுக்குப் பர்னருக்கு அருகே படிந்து, நேரே சுடர் படும் இடத்தில் காய்ந்துகொண்டேயிருக்கிறது. பள்ளத்திலும் தட்டிலும் தேங்கிய எண்ணெயோ அதற்குப் பக்கத்திலேயே விறகு அடுக்கியதுபோல் காத்திருக்கிறது. சுடர் ஒரு முறை அங்கே தாவினால், பலகைக்கு மேலே புகைபோக்கியின் உட்புறத்தில் ஆண்டுக்கணக்காக ஒட்டியிருக்கும் பிசுக்கு மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

அப்படித் தீப்பற்றினால் தண்ணீரை ஊற்றவே கூடாது. எரியும் எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது. அது எண்ணெய்க்குள் இறங்கி, அந்தக் கணமே ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது தன் பருமனைப்போல் ஏறக்குறைய 1,700 மடங்கு பெருகுவதால், எரியும் எண்ணெயைத் துளித்துளியாகத் தூக்கி வீசுகிறது. ஒரு குவளைத் தண்ணீர் கூரை வரையில் நெருப்பை எழுப்பிவிடும். எரிவாயுவை அடைப்பது முதல் வேலை. தட்டளவு சிறிய தீயானால், தட்டை இழுக்காமலும் நகர்த்தாமலும், ஓர் உலோக மூடியால் மூடி ஆறும்வரையில் விட்டுவிட வேண்டும். அதற்கு மேற்பட்ட தீயானால் எண்ணெய்த் தீக்கென்றே செய்யப்பட்ட ஈர ரசாயன அணைப்பான் வேண்டும். அதுவும் இல்லையானால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தீயணைப்பு நிலையத்தை அழைப்பதே அறிவுடைமை. பலகையைக் காப்பாற்றுகிறேன் என்று நிற்பது வீரமாகாது.

இனி வடிகாலைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் முறைக்கு வருவோம். முறை என்று சொல்வதைவிட வேளை என்று சொல்வதே பொருந்தும். பலகை கொதிக்கும்போது கையை வைக்க முடியாது. ஆறிவிட்டால் பிசுக்கு அசையாது. இரண்டுக்கும் நடுவே, அடுப்பை அணைத்துச் சிறிது நேரம் சென்றபின், எண்ணெய் இன்னும் இளகியிருந்து, கையுறை அணிந்த கை தாங்கக்கூடிய சூடு இருக்கும் ஒரு வேளை வருகிறது. அதைத் தவறவிட்டால் பத்து நிமிட வேலை ஒரு மணி நேர வேலையாகிறது. அந்த வேளையில் முதலில் சிலிண்டரின் வால்வை அடைத்துவிட வேண்டும். பர்னரின் குமிழைத் திருப்பியது போதாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானதாகையால், கசிந்தால் மேலே போகாமல் அடுப்பின் அடியிலேயே, நாம் குனிந்து வேலை செய்யப்போகும் இடத்திலேயே, தேங்கி நிற்கும்.

பிறகு தட்டையான சுரண்டியால் பலகையை வழித்து, வழித்ததைப் பள்ளத்தில் தள்ளாமல் முறத்தில் வாரிக்கொள்ள வேண்டும். இது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். வடிகாலின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. கரியும் மாவும் துளைக்குள் போகாமல் இருந்தால் எண்ணெய் மட்டும் எவ்வளவு போனாலும் அடைப்பு எளிதில் ஏற்படாது. அடுத்தபடியாகப் பள்ளத்தைக் கந்தல் துணியால் துடைக்க வேண்டும். துளைக்குள்ளும் குழாய்க்குள்ளும் பால்புட்டி துலக்கும் தூரிகைபோன்ற ஒன்றை மேலிருந்து கீழாக விட்டு இழுக்க வேண்டும். கூர்மையான கம்பியால் குத்தினால் நடுவே ஒரு சந்து விழுமே தவிரச் சுற்றியுள்ள பிசின் அப்படியே இருக்கும், மறுநாளே மூடிக்கொள்ளும். கடைசியில் தட்டை வெளியே இழுத்து, அதிலுள்ளதை மூடியுள்ள ஒரு தகரப் பீப்பாயில் கவிழ்த்து, தட்டைக் காகிதத்தாலோ மரத்தூளாலோ துடைத்தெடுத்து, அதன் பின்னரே தண்ணீரும் சோப்பும் காட்ட வேண்டும். பிசுக்கு உள்ள பாத்திரத்துக்கு முதலில் வறண்ட துடைப்பு, அப்புறம் தண்ணீர் என்ற வரிசை மாறக்கூடாது. அந்நாளில் எண்ணெய்ச் சட்டியைச் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்ததன் காரணம் இதுதான். சாம்பல் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அதிலுள்ள காரம் சிறிதளவு எண்ணெயைச் சோப்பாகவும் மாற்றும்.

தட்டைத் துலக்குவதைத் தவிர்க்க எண்ணி, அதிலும் பள்ளத்திலும் அலுமினியத் தாளை விரிக்கும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. தட்டில் விரித்தால் தாழ்வில்லை. பள்ளத்தில் விரித்தால் துளையின் வாய் மூடப்படுகிறது. எண்ணெய் தாளின் அடியில் புகுந்து கண்ணுக்குத் தெரியாமல் தேங்குகிறது. சுத்தத்தின் பெயரால் செய்யும் அசுத்தம் இது. இதற்குப் பதிலாகத் துளையின்மேல் ஒரு சிறு கம்பிவலையைப் பொருத்தினால் போதும். கடைத்தெருவில் ஜாலி என்று கேட்டால் கொடுப்பார்கள். துணுக்குகள் அதில் தங்கும். மணிக்கொருமுறை எடுத்து உதறிவிடலாம்.

புதிதாக அடுப்பு அமைக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பலகை மிகச் சிறிதளவு முன்புறம் சாய்ந்திருக்க வேண்டும். கடையில் சரியாகச் செய்து அனுப்பியிருப்பார்கள்; நம் தரை மேடுபள்ளமாக இருந்தால் சாய்வு பின்புறம் போய்விடும். ஆறிய பலகையில் ஒரு கரண்டித் தண்ணீரை விட்டுப் பார்த்தால் அது ஓடும் திசை உண்மையைச் சொல்லிவிடும். அடுப்பின் காலுக்கடியில் ஒரு தகட்டை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

அடைப்பு ஏற்பட்டபின் காஸ்டிக் சோடாவைக் கொட்டும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது பிசுக்கைச் சோப்பாக மாற்றுவது உண்மை. அதே வேகத்தில் தோலையும் கண்ணையும் அரிப்பதும் உண்மை. அலுமினியத் தட்டிலோ குழாயிலோ அது பட்டால் உலோகத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை எழுப்பும். அடுப்பங்கரையில் ஹைட்ரஜனுக்கு என்ன வேலை? சூடான பரப்பில் பட்டால் தெறிக்கும். அதோடு நில்லாமல் கழிவறை கழுவும் அமிலத்தையும் சேர்த்து ஊற்றுவோர் உளர். காரமும் அமிலமும் சந்தித்தால் கொதித்துச் சீறும். பிசுக்கு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். நாள்தோறும் துடைக்கும் வடிகாலுக்கு இவை எதுவும் வேண்டுவதில்லை. கழற்றக்கூடிய இரும்புத் தட்டையும் குழாயையும் வாரத்துக்கொருமுறை சலவைச் சோடா கரைத்த வெந்நீர்த் தொட்டியில் ஊறவைத்தால் போதும்.

வெந்நீர் என்றவுடன் நம்மிடையே மிகப் பரவலாக உள்ள ஒரு நம்பிக்கையை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிசுக்கு அடைத்தால் ஒரு குடம் வெந்நீர் ஊற்று, எல்லாம் போய்விடும் என்பார்கள். போய்விடுகிறது என்பதில் ஐயமில்லை. எங்கே போகிறது என்பதே கேள்வி. வெந்நீர் பிசுக்கைக் கரைப்பதில்லை. உருக்கி, முன்னே தள்ளுகிறது. சோப்பு அதை நுண்ணிய துளிகளாக்கித் தூக்கிச் செல்கிறது. பத்தடி, இருபதடி சென்றபின் நீர் ஆறுகிறது. அங்கே மண்ணுக்குள் இருக்கும் குழாயின் குளிர்ந்த சுவரில் பிசுக்கு மறுபடியும் உறைகிறது. நம் கண்ணெதிரே நம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்த அடைப்பை, யார் கைக்கும் எட்டாத இடத்துக்கு அனுப்பிவைத்தோம், அவ்வளவுதான். அங்கே அது வெறும் கொழுப்பாகவும் இருப்பதில்லை. கொழுப்பிலிருந்து பிரியும் அமிலம், கடின நீரிலும் காங்கிரீட்டிலும் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு கூடி, தண்ணீரில் கரையாத ஒருவகைச் சோப்பாகிக் கல்போல் இறுகுகிறது. உப்பு நீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரள்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

இலண்டன் மாநகரில் ஒயிட்சாப்பல் என்ற பகுதியின் பாதாளச் சாக்கடையில் 2017 செப்டம்பரில் இப்படித் திரண்ட ஒரு கட்டியைக் கண்டுபிடித்தார்கள். நீளம் 250 மீட்டர். எடை 130 டன் என்று மதிப்பிட்டார்கள். அதை உடைத்து எடுக்க ஒன்பது வாரங்கள் பிடித்தன. அதில் ஒரு துண்டை மறு ஆண்டு இலண்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழையில் வைத்தும் காட்டினார்கள். அவ்வூரில் அதை உடைத்தவர்கள் முழு உடற்கவசம் அணிந்து, உயர் அழுத்த நீர்ப்பீச்சிகளைக் கையாண்டார்கள்.

நம் நாட்டில் அந்த வேலை எப்படி நடந்து வந்திருக்கிறது என்பது நேயர்கள் அறிந்ததே. அடைத்த சாக்கடையில் பிசுக்குக்குப் பின்னால் கழிவு தேங்கி அழுகும்போது, ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. அழுகிய முட்டையின் நாற்றமுடையது அது. ஆனால் அளவு மிகும்போது முகரும் ஆற்றலையே அது மழுங்கச் செய்துவிடுவதால், உள்ளே இறங்கியவருக்கு எச்சரிக்கை கிட்டாமற் போகிறது. அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் அவருக்கருகிலேயே விழுகிறார். 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புச் சாதனங்கள் இன்றி மனிதரைச் சாக்கடைக்குள்ளும் கழிவுத் தொட்டிக்குள்ளும் இறக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1993 முதல் அவ்வாறு உயிரிழந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 இலட்ச ரூபாய் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்திருக்கிறது, மரணங்கள் நின்றபாடில்லை. சட்டத்தை நிறைவேற்றுவது அரசின் கடமை, உள்ளாட்சியின் கடமை. ஆனால் சாக்கடை அடைக்காவிட்டால் யாரும் யாரையும் இறக்க வேண்டியதேயில்லை. ஊராரின் பிசுக்கு எல்லாம் சேர்ந்துதான் அடைக்கிறது என்றாலும், நாள் ஒன்றுக்கு முந்நூறு தோசை வார்க்கும் ஒரு பலகையின் பங்கு, அதே தெருவில் உள்ள பத்து வீடுகளின் பங்கைவிடப் பெரிதாகவே இருக்கும்.

தெருவுக்குப் போவதற்கு முன்பே, நான்கு மாடிக் குடியிருப்புகளில் இது அண்டை வீட்டுப் பிரச்சினையாகிறது. மேல் மூன்று வீட்டுச் சமையலறைகளும் ஒரே செங்குத்துக் குழாயில் வடிகின்றன. குழாய் அடியில் வளையும் இடத்தில் பிசுக்குத் தங்குகிறது. மாடியில் இருப்பவர் பாத்திரம் துலக்கும்போது தரைவீட்டாரின் தொட்டியில் நீர் பொங்குகிறது. தரைவீட்டார் பஞ்சாபியராகவோ வங்காளியாகவோ இருந்து, மேலே இருப்பவர் தமிழராக இருந்துவிட்டால், தீபாவளி எண்ணெய்க் குளியலும் சீயக்காயும்தான் காரணம் என்று ஒரு பேச்சு எழுவதை நாம் கேட்டிருக்கிறோம். அந்தக் குற்றச்சாட்டில் சிறிது உண்மையும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கவல்ல சீயக்காய்த் தூளே எண்ணெயோடு குழைந்து வடிகாலில் படியும்போது நல்ல அடைப்பாகிவிடும். அதற்காக எண்ணெய்க் குளியலை விட வேண்டுவதில்லை. துளையில் ஒரு சல்லடைத் துணி போட்டுக்கொண்டால் போதும்.

வீடுகளிலும் இப்போது மின்சாரக் கிரில் பலகைகள் வந்துவிட்டன. அமெரிக்க வீடுகளில் அடுப்பு மேடையிலேயே கிரில் பதித்து, அதன் அடியில் பிசுக்கு வடிய ஒரு குழாயும் ஒரு கண்ணாடிக் குப்பியும் வைத்த அடுப்புகள் நெடுங்காலமாக உண்டு. குப்பி கண்ணாடியாக இருப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது: கிரில்லில் சமைத்தும் குப்பியில் ஒன்றும் ஏறவில்லையென்றால், பிசுக்கு வழியில் எங்கோ நிற்கிறது என்று பொருள். நம் கடைகளில் கிடைக்கும் சிறு கிரில்களில் குழாய் இல்லை. ஒரு மூலையில் துளையும் அடியில் ஒரு கிண்ணமும் இருக்கும். பனீரோ உருளைக்கிழங்கோ வாட்டியபின் கிண்ணத்தைப் பார்த்து, அது வெறுமையாக இருந்தால் துளையைக் குடைந்து விடுவதே இதற்குச் செய்ய வேண்டியது. மின் இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

பெரிய சமையற்கூடங்களுக்குப் பலகையின் தட்டு மட்டும் போதாது; பாத்திரம் துலக்கும் தொட்டிக்கும் தெருச் சாக்கடைக்கும் நடுவே ஒரு பிசுக்குத் தொட்டி வேண்டும். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது என்ற ஒரே உண்மையை வைத்து அது வேலை செய்கிறது. நீர் தொட்டிக்குள் வந்து சற்றே நின்று ஆறும்போது, எண்ணெய் மேலே மிதக்கிறது, கசடு அடியில் படிகிறது, நடுவிலுள்ள தெளிந்த நீர் மட்டும் தாழ்ந்த குழாய் வழியே வெளியேறுகிறது. எண்ணெயும் கசடுமாகத் தொட்டியில் நான்கில் ஒரு பங்கை எட்டுமுன் அதை வாரி எடுத்துவிட வேண்டும். தொட்டியைக் கட்டிவிட்டு மூடியின்மேல் அரிசி மூட்டையை அடுக்கிய சமையற்கூடங்களை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே தொட்டி இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

இந்த வேலை யாருடையது என்பதிலும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் இரவு கடையடைத்தபின், எல்லோரிலும் கடைசியாக வேலைக்குச் சேர்ந்த இளைஞரின் தலையில் இது விழுகிறது. ஊரை விட்டு ஆயிரம் மைல் வந்து, மொழி தெரியாத குளிரில், பன்னிரண்டு மணி நேரம் நின்று களைத்த ஒருவர், ஆறிப்போன பலகையின் அடியில் படுத்துச் சுரண்டுகிறார். வேலை ஒழுங்காக அமையாததில் வியப்பில்லை. நாம் அறிந்த ஒரு மெஸ்ஸில் தோசை மாஸ்டரே இதைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு நேரத்தை மாற்றினார். பகல் சாப்பாடு முடிந்து மாலைச் சிற்றுண்டி தொடங்குமுன், மூன்று மணிக்கு, பலகை இன்னும் இளஞ்சூடாக இருக்கும்போதே அடுப்பை அணைத்து வடிகாலைத் துடைக்கச் செய்தார். இரவிலும் கடைசித் தோசையோடு அடுப்பை அணைத்து, மற்றப் பாத்திரங்களைத் தொடுமுன் முதல் வேலையாக இதைச் செய்யச் செய்தார். கையுறைக்கும் தூரிகைக்கும் ஆன செலவை முதலாளி முதலில் முகஞ்சுளித்தே கொடுத்தார். அந்தத் தை மாதம் குழாய்க்காரர் வரவில்லை.

பீப்பாயில் சேர்ந்த பிசுக்கை என்ன செய்வது? கரியும் மாவும் கலந்து தடித்ததை மரத்தூளில் பிசைந்து கட்டி, உலர் குப்பையாகக் கொடுத்துவிட வேண்டும். வாணலியில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை இதனோடு சேர்க்காமல் தனியே வடிகட்டி வைப்பது நலம். பொரித்துப் பொரித்துக் கெட்ட எண்ணெயை அளக்க, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் ஓர் எல்லை வகுத்தது. அதிலுள்ள முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைச் சமையலுக்கு வழங்கக்கூடாது. நாள் ஒன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் கடைகள் கணக்கு வைத்து, அனுமதி பெற்ற முகவர்களிடமே அந்த எண்ணெயைக் கொடுக்க வேண்டும் என்ற விதி 2019 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அந்த எண்ணெய் டீசலுக்கு மாற்றான எரிபொருளாகிறது. சிறிய கடைகளும் சங்கத்துச் சமையற்கூடங்களும் இத்தகைய முகவரைத் தேடி, பீப்பாய் நிரம்பும்போது அழைத்துக் கொடுக்கலாம். அவர்கள் விலையும் தருகிறார்கள். வழியில் நின்று கேட்கும் வேறு யாரிடமும் கொடுக்கலாகாது. அவ்வெண்ணெய் தெளியவைக்கப்பட்டு மறுபடியும் ஏதோ ஒரு தெருமுனை வாணலிக்கு வந்து சேரக்கூடும். பீப்பாயை அடுப்புக்கு எட்டத்தில், மூடியோடு, எலி நுழையாத இடத்தில் வைக்க வேண்டும். வட நாட்டுக் குளிரில் அதிலுள்ளது பாறையாக உறைந்துவிடும். முகவர் வரும் நாளன்று காலையிலேயே வெயிலில் எடுத்து வைத்தால் மாலைக்குள் இளகிவிடும்.